நாற்காலியில் என் முறை

செவ்வாய் இரவு, செம்பூர்.

இன்று பயிற்சி அறையில் நாற்காலியில் உட்காரும் முறை எனக்கு. தீவிரவாதி படம் ஒட்டிய அட்டை என் தோளை ஒட்டி நிற்கும். கூட்டாளி கதவைத் தள்ளி உள்ளே வந்து, நிஜத் தோட்டாவால் அட்டையை மட்டும் சுட வேண்டும். எங்கள் கமாண்டோ படையில் நம்பிக்கையை இப்படித்தான் பழக்குகிறார்கள். என் கூட்டாளி சாவந்த் எத்தனையோ தடவை என் பக்கத்தில் சுட்டிருக்கிறான். எனக்குப் பயம் வந்ததே இல்லை.

இன்று அவன் சுடவில்லை. துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டான். வெளியே வந்ததும், "பச்சி யாத் ஆ கயீ, யார்" என்றான் இந்தியில். ஞாயிற்றுக்கிழமை என் மகளின் ஞானஸ்நானத்துக்கு வந்து, அவளை மடியிலேயே வைத்திருந்தான். சுடப் போகும்போது குழந்தை நினைவு வந்துவிட்டதாம். எனக்குக் கோபம்தான் வந்தது. நிஜமான இடத்திலும் இப்படி நின்றுவிட்டால்?

நாளைக்கு நாற்காலியில் அவன், துப்பாக்கியோடு நான் என்று மேஜர் மாற்றிவிட்டார்.

சோறு போடும்போது என் மனைவி எஸ்தர், "அந்தச் சாவந்த் அண்ணன் பொஞ்சாதி பிள்ளையளையும் ஒருநாள் சாப்பிடக் கூப்பிடுங்களேன்" என்றாள். "ம்" என்றேன்.

சாவந்த் ஞாயிற்றுக்கிழமையே அனுப்பிய அவன் குடும்பப் படம் போனில் கிடக்கிறது. இன்னும் திறக்கவில்லை. நாளை சுட்டு முடித்த பிறகு பார்த்துக்கொள்கிறேன்.