பதிமூன்று நாளைக்கு மேல் திறக்கக் கூடாது

கென்டக்கி,
மே 17, ஞாயிறு

அன்புள்ள மகள் கோராவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்தும் இதைப் பிரித்திருக்கிறாய் என்றால் அதற்கே நன்றி. நீயும் டெவினும் நலமா? நேற்றுச் சாயங்காலம் உன் அம்மா போன் செய்து, குழந்தைக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள், தானாகவே மூச்சு விடுகிறான் என்று சொல்லி என் வயிற்றில் பாலை வார்த்தாள். ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்த பயல். நேற்றுத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

இங்கே நான் செய்த கூத்தை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. கொல்லையில் அவள் வைத்த மரப்பெட்டியில் இந்த வருஷம்தான் நீலப்பறவை ஜோடி ஒன்று குடிவந்தது. மூன்று வருஷமாகச் சிட்டுக்குருவிகளே உள்ளே புகுந்து அடாவடி செய்துகொண்டிருந்தன. உன்னிடம் வரப் பஸ் ஏறும்போது அம்மா, "தினம் காலைல ஒரு கரண்டி புழு வைங்க. குஞ்சு பொரிச்சு பதிமூணு நாளைக்கு மேல பெட்டியத் தொறக்கவே கூடாது. பயந்துபோய், பறக்கத் தெரியாமலே குதிச்சிடும்" என்றாள். என்னை நம்பாமல் அதை எழுதி ஃபிரிட்ஜிலும் ஒட்டிவிட்டாள். ஃபிரிட்ஜுக்குள் வெண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில் புழு டப்பா. ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் எதைத் திறந்து ரொட்டிமேல் கவிழ்த்தேன் என்று கேட்காதே.

போன புதன்கிழமை, குஞ்சு பொரித்துப் பதினைந்தாம் நாள். இரண்டு நாளாக அங்கிருந்து போன் இல்லை. நானாகப் பேச எனக்கு முகமும் இல்லை. அங்கே என்ன ஆயிற்றோ, இங்கே பெட்டிக்குள் இருக்கிற ஐந்து குஞ்சுகளாவது உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கலாம் எனத் தோன்றிவிட்டது. பெட்டியின் கதவைத் திறந்ததுதான் தாமதம், ஐந்தும் என் முகத்தின் மேலேயே பாய்ந்து புல்லில் விழுந்தன.

பக்கத்து வீட்டு ஐமொஜீன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். முதல் வேலையாகத் தன் பூனையை வீட்டுக்குள் போட்டுப் பூட்டினாள். அப்புறம் வேலியைச் சுற்றி வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் ஹார்லன், நெடா ஊர்ல இல்லன்னா உனக்குக் கை சும்மா இருக்காதா? ஆக்கப் பொறுத்த மனுஷனுக்கு ஆறப் பொறுக்கலியா? நிக்காத, காலுறையக் கழட்டு" என்றாள். நான்கைப் பிடித்து உள்ளே விட்டு, என் காலுறையைச் சுருட்டித் துளையை அடைத்தோம். ஐந்தாவதைக் காணவில்லை. கொல்லை முழுவதும் தவழ்ந்தேன். அழுதுவிட்டேன், கோரா. அழுதது குஞ்சுக்காக மட்டும் இல்லை. கடைசியில் நம் வண்டியின் பின்சக்கரத்தடியில் ஒடுங்கிக்கொண்டு கிடந்தது. அதையும் உள்ளே விட்டோம். கால் மணி நேரம் கழித்துக் காலுறையை உருவினேன். ஒன்றும் குதிக்கவில்லை. சற்று நேரத்தில் தாய்ப்பறவை புழுவோடு வந்துவிட்டது.

நேற்றுக் காலை ஐந்தும் ஒவ்வொன்றாகப் பறந்து மேப்பிள் மரத்துக்குப் போய்விட்டன. சக்கரத்தடியில் கிடந்தது எது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாம் நன்றாகவே பறந்தன.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ டெவினோடு கிளம்பியபோது, "ரெண்டே மாசத்துல பெட்டியத் தூக்கிட்டுத் திரும்பி வந்து நிப்ப" என்று வாசலில் நின்று சொன்னேன். சொன்னது தப்பு. அடுத்த நாளே தெரிந்தது. அதை ஒப்புக்கொள்ள இத்தனை வருஷம் ஆக்கிவிட்டேன்.

தாய்ப்பறவை இன்னும் புழுவுக்கு வருகிறது; இனி அதைத் தானே வைப்பதாக ஐமொஜீன் சொல்லிவிட்டாள். ஆனால் நீ வரச் சொல்லாமல் நான் டிக்கெட் எடுக்க மாட்டேன். பேரனைத் தூக்கக் கேட்க மாட்டேன். ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, அவன் மூச்சு விடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவேன். நீங்கள் மூவரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். என் முகத்தில் விழிக்க உனக்கு இன்னும் மனசு வரவில்லை என்றால், நீ தூங்கப் போகிற நேரம் எது என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடு. அப்போது வந்துவிட்டுப் போகிறேன்.

உன் அப்பா,
ஹார்லன்