குதிரை மருந்து

குருவிட்ட,
12.6.1972

அன்புள்ள இராஜத்துக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமா? எனக்கு இப்போது பரவாயில்லை. ரப்பர் பால் வெட்டப் போன இடத்தில் பாம்பு கடித்து, ஊசி போட்டதை எழுதியிருந்தேனே. ஒன்பதாம் நாள் உடம்பெல்லாம் தடித்துக் காய்ச்சலும் மூட்டுவலியும் வந்துவிட்டன. அம்மை என்று லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் என் வாசலில் வேப்பிலை செருகினார்கள். மூன்று நாள் கஞ்சியைப் படியில் வைத்துவிட்டுப் போனார்கள்; யாரும் உள்ளே வரவில்லை. பிறகுதான் டாக்டர் வந்து பார்த்தார். "அம்மை இல்லப்பா. பாம்புக்கடி மருந்து குதிரை ரத்தத்துல எடுக்கிறது. ஒன் ஒடம்புக்கு ஒத்துக்கல. இனி எங்க ஊசி போட்டாலும் மொதல்ல இதச் சொல்லிடு" என்றார்.

நினைவில்லாமல் கிடந்தால் யார் சொல்வார்கள்? புதுச் சட்டை தைத்தால், பையின் மேல் சிவப்பு நூலில் "குதிரை மருந்து ஆகாது" என்று போடு. சிங்களத்திலும் வேண்டும், இதோடு ஒரு துண்டில் எழுதி வைத்திருக்கிறேன், பார்த்துத் தை.

பிரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போக நேரமாகிவிட்டது. பையில் அந்த எழுத்துக்குக் கீழே உன் பெயரையும் தைத்துவிடு.

செல்லத்துரை