குண்டின் சட்டையை உரித்தவன்

மாப்ள,

இன்று காலை உங்கள் ஊர்ப் பண்ணையாரின் தம்பி, அந்த மைனர், என் தாள்கடைக்கு வந்தான். கூச்சமே இல்லாமல், "பாய், எங்க பேரையூர்க்காரன் வாங்கிட்டுப் போவானே, அந்த மெல்லிசுத் தாளு குடுங்க. துப்பாக்கிக் குண்டுக்குச் சுத்தணும்" என்றான். எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. குண்டுக்குத் தாள் சுற்ற வேண்டும் என்று இவனுக்கு இப்போது தெரிகிறதாம்! நீ போய்ச் சேர்ந்த பிறகு தெரிகிறதாம்! "உனக்கு விக்கிற தாளு இந்தக் கடையில இல்ல, கீழ இறங்குடா" என்று கத்தினேன். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவன் போன பிறகு அந்தத் தாளில் ஒன்றை உருவி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவாய். நாரோ திப்பியோ ஒன்று இருந்தாலும் ஆகாது. உன் பழைய ரைபிளில் வெறும் ஈயக்குண்டைப் போட்டால், குழலின் உட்புறத்து மரைப் பள்ளங்களில் ஈயம் அப்பிக்கொள்ளும். குண்டு எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. அதற்காகத் தாளைச் சாய்வாக வெட்டி, நனைத்து, குண்டின் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றுவாய். விளிம்பும் விளிம்பும் தொட வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது. மிஞ்சிய தாள் வாலை அடியில் முறுக்கி, நிழலில் காயவைத்து, மெழுகு தடவி, கருமருந்து நிரப்பிய பித்தளைக் கூட்டில் செருகுவாய். "ஈயத்துக்கு எதுக்குய்யா இம்புட்டுச் சீராட்டு, கல்யாண மாப்பிள்ளையா?" என்று நான் கேலி செய்தால், "சட்டை போடாத குண்டு சொன்ன பேச்சுக் கேக்காது மாமா" என்பாய்.

நிலக்கடலை முற்றுகிற சமயத்தில் காட்டுப்பன்றியை விரட்ட அந்தத் துப்பாக்கிதான் உனக்குத் துணை. அந்த வினை நடந்த அன்று உன் வீட்டு விருந்துக்கு வந்திருந்தேன். சேவலை என் கையாலேயே அறுக்கச் சொல்லியிருந்தாய். மைனர் வந்து, சிநேகிதர்கள் முன்னால் சுட்டுக்காட்ட வேண்டும் என்று துப்பாக்கியையும் தோட்டாக்களையும் கேட்டான். அவர்கள் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவன் நீ, எப்படி மறுப்பாய்? கொஞ்ச நேரத்தில் வேட்டுச் சத்தம். பிறகு கூச்சல். ஓடிப்போய்ப் பார்த்தால், புஞ்சை ஓரம் மேய்ந்துகொண்டிருந்த அடுத்த வீட்டுக்காரனின் உழவுமாடு செத்துக் கிடக்கிறது. பனைமரத்தைக் குறிபார்த்தானாம்! அவன் காலடியில் உன் தாள்கள். சுட்டால் துணுக்காகப் பறக்கிற தாள், அங்கே முழுசு முழுசாகக் கிடந்தது. மிட்டாய்க்குச் சுற்றுகிற மாதிரி வெறும் தாள் என்று நினைத்து, குண்டைக் கூட்டிலிருந்து பிடுங்கி, நகத்தால் சுரண்டி உரித்துவிட்டுத் திரும்பச் செருகியிருக்கிறான், முட்டாள்.

போலீஸ் வந்தபோது அவன் என்ன சொன்னான்? "இவனுக்குத் தோட்டாவ ஒழுங்காக் கட்டத் தெரியல. இவன்தான் சுட்டான்." நீ என்ன சொன்னாய்? "ஆமாய்யா, நான்தான்." நான் வாயைத் திறந்தேன். "விடு மாமா, குத்தகை போயிரும்" என்று என்னை அடக்கினாய். மறுநாள் நானே ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். "கடுதாசி விக்கிற பாய்க்குத் துப்பாக்கியப் பத்தி என்ன தெரியும்?" என்று சிரித்து அனுப்பினார்கள். உன் லைசென்ஸை ரத்து செய்து துப்பாக்கியையும் பிடுங்கிக்கொண்டார்கள். பன்றிக்கு லைசென்ஸ் தெரியுமா? வேல்கம்போடு காவலுக்குப் போன உன்னைக் கிழித்துப் போட்டுவிட்டது.

உன்மேலும் எனக்குக் கோபம்தான். யாருடைய பழியை யார் சுமப்பது? உன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், "தோட்டா கட்டத் தெரியாம ஊரான் மாட்டைக் கொன்னவன் மகளா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்களாம். உன் சம்சாரம் என்னிடம் சொல்லி அழுதது. உன் கை சுற்றிய குண்டு ஒன்றாவது தப்பியிருக்கிறதா? பாவிகள்!

நீ எந்தக் குத்தகைக்காக வாயை மூடினாயோ, அதையும் நீ செத்த மறுமாதமே பறித்துக்கொண்டார்கள். இனி நான் யாருக்காகப் பொறுத்துப் போக வேண்டும்? வருகிற வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் பஸ் ஏறி வாரேன். உங்கள் ஊர்ச் சாவடி முன்னால் நின்று, மைனர் காதிலும் உன் மகள் காதிலும் விழுகிற மாதிரி, மாட்டைச் சுட்டவன் யார் என்று உரக்கச் சொல்லுவேன். நீ முழுங்கியதை நான் துப்பப்போகிறேன், மாப்ள.