ஒரு விரல் ஆழத்துச் சேறு

ஜனவரி 8, வியாழன்
வாடைக்காற்று. கா. 6.30, தோணிரேவு.

கப்பலிலிருந்து கொட்டிய எண்ணெய் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து நான்கு ஆண்டுகள். கண்காணிப்பின் இறுதிச் சுற்று. பன்னிரண்டு இடங்கள், இன்று கடைசி இடம். எடுத்துச் சென்றவை: புட்டிகள், அளவுகோல், ஐஸ் பெட்டி. மறந்தது தொப்பி.

மேற்சேறு, ஒரு விரல் ஆழம். சுத்தம். குறித்துக்கொண்டேன். அருகே முழங்காலளவு நீரில் மண்டியிட்டுக் கையால் இறால் தடவிக்கொண்டிருந்த செல்லி சிரித்தாள்.

"இன்னா சார், பால்ல ஆடை எடுக்குற மாரி எடுக்குற? நண்டு மேலயா குந்திக்கினு கீது? கைய உள்ள வுடு."

விட்டேன், முழங்கை வரை. கறுப்பாக வந்தது. தார் நாற்றம். மூன்று முறை சோப்பு, போகவில்லை.

"எப்பவும் கீறதுதான்" என்றாள். அவள் மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது. "மருமவளுக்கும் இப்டித்தான். ஆறு மாசம் அவளுக்கு. வயித்துல புள்ளைய வச்சிக்கினு எறங்குறா."

 

ஜன. 9, வெள்ளி
மேகமூட்டம். பதினொன்று வரை மின்சாரம் இல்லை.

மேலதிகாரியிடம் தொலைபேசியில் சொன்னேன். மிகக் கனிவாகப் பேசினார்.

"ஒரு விரல் ஆழம்தானே சார் நம்ம முறை? அந்த அளவ வச்சதே நீங்கதானே? திங்கக்கிழமை இறுதி அறிக்கையில கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க. 'ஏரி மீண்டது'ன்னு தலைப்பே ரெடி."

உண்மை. முதலாண்டில் எண்ணெய் மேலே கிடந்தது. மேலே பார்த்தால் போதும் என்று எழுதியவன் நான். பிறகு அது படிந்தது. புதுமண் மூடியது. நான்கு ஆண்டுகளாக மூடியைச் சோதித்துப் பாத்திரம் சுத்தம் என்று சான்றளித்திருக்கிறேன். அதை நம்பித்தான் மீனவர்கள் ஏரியில் இறங்கினார்கள்.

அந்தக் கனிவை மன்னிக்க மாட்டேன். என் அளவுகோலையும்.

வாங்க: பேட்டரி, செல்லிக்குக் களிம்பு. (களிம்பு! வெட்கக்கேடு.)

ஜன. 10, சனி
தூறல். ஆழச் சேறு இரண்டு புட்டி, சென்னை ஆய்வகத்துக்கு. முடிவு வர மூன்று வாரம். அதுவரை யாரும் இறங்க வேண்டாம் என்று செல்லியைத் தனியே அழைத்துச் சொன்னேன்.

"எறங்குன்னு அன்னிக்கு மைக்கு வச்சி சொன்ன. எறங்காதன்னு இன்னிக்கு காதுல வந்து சொல்றியா?"



ஜன. 11, ஞாயிறு
வெயில். மீன் ஏலக்கூடத்தில் மைக். முப்பது பேர் இருக்கலாம். செல்லியின் மருமகள் கால் நீட்டித் தரையில்.

"நான் சொன்னது தவறு. அடியில் எண்ணெய் இருக்கிறது. இறங்காதீர்கள். அந்த அறிக்கையில் கையெழுத்திட மாட்டேன்."

"இத்த சொல்ல நாலு வர்சமா?" பின்னாலிருந்து ஒருவர்.

"மூணு வாரம் இன்னாத்த துன்றது? உன் புட்டியவா?" இன்னொருவர். சிரிப்பு. 

மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. கேட்டாள்: "மத்த எடத்துல எவ்ளோ ஆழம் சார் பாத்த?"

பதினொரு இடங்களிலும் அதே ஒரு விரல்தான். இந்நேரம் எல்லாவற்றிலும் ஆட்கள் நீரில் இருப்பார்கள்.