அக்காவின் முன் அனுபவம்

செவ்வாய், இரவு

கவிதா அக்கா வீட்டுக்குள் ஷூவோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததைத்தான் முதலில் கவனித்தேன். ராணுவ நர்ஸ் வேலைக்கு அவளுக்கு நாளை இன்டர்வியூ. நர்சிங் படிப்பையும் சேலையூர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த வருடங்களையும் கணக்கில் எடுத்து, ஆபீசராகவே சேர்ப்பார்களாம்.

"இன்டர்வியூ எடுக்குற ஆபீசர் நீதான்டி, கேள்வி கேளு."

நான் அவள் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"இன்னா மேடம், ஊமை ஆபீசரா?"

மறக்க முடியாத பேஷன்ட் யார் என்று கேட்டேன்.

"எங்க அப்பா. கடைசி வரைக்கும் கையைப் புடிச்சிகினு நான்தான் பக்கத்துல இருந்தேன்."

அப்பா வீட்டில் இறந்த அன்று அவள் ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்தாள். அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பார்வை மங்கிப்போய், "கவிதா வந்துட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "வந்துட்டேம்பா" என்று அவள் மாதிரியே சொல்லி, என் கையைக் கொடுத்தேன். அதைப் பிடித்தபடியே போய்விட்டார். அக்காவிடம் இதைச் சொன்னதே இல்லை. அந்தக் கையால்தான் இப்போது எழுதுகிறேன்.

அவள் சொன்னது பொய். அப்பா நம்பிக்கொண்டு போனதும் அதைத்தான்.

"கரெக்டா சொன்னேனா?" என்றாள்.

நான் அடுத்த கேள்வியைக் கேட்டேன்.