நானேதான் நின்னேன்

செவ்வாய், இரவு.

செல்வி ஏன் அப்படிச் சொன்னாள் என்று இன்னும் பிடிபடவில்லை.

சங்கம் சேர்த்தாள் என்று இறால் கம்பெனி அவளை வேலையை விட்டுத் துரத்தியது. காத்திவாக்கத்தில் நான் ஞாயிற்றுக்கிழமை இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்லும் இடத்துக்கு அழுதுகொண்டே வந்தவள். இன்று தொழிலாளர் நீதிமன்றத்தில் கூண்டில் நின்றாள். கம்பெனி வக்கீல், "வேலையை விட்டு நீங்களா நின்னீங்களா, அவங்க நிறுத்தினாங்களா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

"நானேதான் நின்னேன்" என்றாள், தலையை நிமிர்த்தி. நீதிபதி அதை அப்படியே பதிவு செய்துகொண்டார். வழக்கே போயிற்று.

வெளியே வந்ததும் கத்தினேன். கம்பெனிக்காரன் உன்னை விலைக்கு வாங்கிவிட்டானா என்றுகூடக் கேட்டுவிட்டேன். சே.

"இன்னா வக்கீலம்மா, இப்படிக் கேட்டுட்டியே! கேஸ் ஜெயிச்சா அதே கம்பெனிக்குத்தானே போவணும்? தொரத்திவுட்ட எடத்துக்கு எந்த மூஞ்சிய வச்சிகினு போறது? நானா நின்னாத்தான் நானா போவலாம்."

துரத்தப்பட்டவளைத்தான் சட்டம் திரும்ப உள்ளே அனுப்பும். தானாக நின்றவளுக்கு அங்கே வழியே இல்லை. எண்ணூர் பஸ்ஸில் வழி முழுக்க இதையே விளக்கினேன். அவளை மறுபடி விசாரிக்க மனுப் போடுகிறேன், நடந்ததைச் சொன்னால் போதும் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் சொல்வதில் தப்பு எங்கே என்று மட்டும் என்னால் காட்ட முடியவில்லை.

இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரிம்மா, உனக்கோசரம் தொரத்துனாங்கன்னே சொல்றேன். ஆனா அப்பால நான் அங்க வேலைக்குப் போவமாட்டேன்."