நீலம் எங்கே தெரியும்

‘சிஸ்டர், இவள் நாக்கைத் தூக்கிப் பாருங்கள்’ என்று அன்று நான் சொல்லவில்லை. தொண்டை வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன்.

இன்று காலை அது மறுபடி தொண்டைக்கு வந்தது. கரையான்சாவடி தாண்டி நீயும் நானும் படித்த அதே நர்சிங் கல்லூரியில் இப்போது நான் டியூட்டர். பயிற்சிக்கூடத்தைத் திறந்ததும் ரப்பரும் பவுடரும் கலந்த அந்த வாடை. கட்டிலில், அன்று நாம் பழகிய அதே பொம்மை நோயாளி. நேற்று மாலை நானே அதன் வாயை மூடி பிளாஸ்டர் ஒட்டிவிட்டுப் போனேன். பிளாஸ்டர் கன்னத்தில் தொங்கியது. வாய் திறந்திருந்தது.

“அது வாய மூடவே மாட்டேங்குதும்மா,” என்றார் அட்டெண்டர் அண்ணன். “இன்னாத்தையோ சொல்ல வருது.”

ரப்பர் பழசானால் சுருங்கும் என்றேன். குனிந்து டார்ச் அடித்தேன். நாக்கின் அடியில் நீ தடவிய ஊதா மருந்து, இத்தனை வருடம் கழித்தும் ஈரம்போல மின்னியது. இப்போது அது உதடு வரைக்கும் வந்திருந்தது, போன வருடம் அப்படி இல்லை.

இரண்டாம் வருடம் அது. மூச்சு குறைந்தால் உதடும் நகமும் நீலமாகும் என்பது பாடம். புத்தகப் படங்களில் எல்லோரும் வெள்ளைக்காரர்கள். பொம்மையும் தோல் உரித்த சின்ன வெங்காயம் போல ரோஸ் நிறம். நெமிலிச்சேரிக்கு அப்பால் இருளர் குடியிருப்பிலிருந்து நர்சிங் படிக்க வந்த முதல் பெண் நீ. எழுந்து நின்று கேட்டாய்: “மிஸ், என் கலர்ல இருக்கிறவங்களுக்கு நீலம் எங்க தெரியும்?”

வகுப்பு சிரித்தது. “புக்ல இருக்கறத எழுதும்மா, மார்க் வரும்,” என்றார் மிஸ்.

“பாம்பு புடிக்கிற கைக்கு ஊசி எதுக்குடி?” என்றாள் பின் பெஞ்சில் ஒருத்தி.

“பாம்புப் பல்ல வுட ஊசி சின்னதுதான். பயப்படாத, கையக் குடு.”

அதற்கும் சிரித்தார்கள். நானும்தான்.

வகுப்பு முடிந்ததும் டார்ச்சை என் கையில் கொடுத்து வாயைத் திறந்தாய். “ஈறு, நாக்குக்குக் கீழ. அங்கதான் தெரியும். மூச்சு முட்டுதுன்னு போன எங்க சித்திய, உதடு நல்லாத்தான் இருக்குன்னு ஆஸ்பத்திரில அனுப்பிட்டாங்க. பஸ் ஸ்டாப்புலயே போயிட்டா.” பிறகு பொம்மையின் நாக்கைத் தூக்கி, வாய்ப்புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தை அடியில் தடவினாய். யாராவது ஒருநாள் கேட்கட்டும் என்றாய்.

இன்று கேட்டாள். உன் குடியிருப்பிலிருந்து இந்த வருடம் இரண்டு பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள், அவர்களில் ஒருத்தி.

“மிஸ், இது யாரு பூசுனது?”

“என் பிரெண்ட்.”

“அவங்க இப்ப எங்க வேல பாக்குறாங்க?”

வகுப்பைப் பாதியில் முடித்துக்கொண்டு வந்துவிட்டேன். அவளுக்குச் சொல்ல முடியாததை உனக்கு எழுதுகிறேன். உனக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் எழுதுகிறேன்.

மூன்றாம் வருடம், வார்டில் போர்வை உதறும்போது உனக்கு இளைப்பு வந்தது. அரிசி ஆலைத் தூசிக்குள் வளர்ந்தவள் நீ, இளைப்பு உனக்குப் புதிதில்லை. காலிக் கட்டில் ஒன்றில் உட்கார வைத்தோம். சிஸ்டர் உன் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டினார். எண் பரவாயில்லை என்றது. கறுத்த தோலில் அது கூட்டிக் காட்டக்கூடும் என்று பின்னால்தான் படித்தேன்.

“உதடு நல்லாத்தான் இருக்கு. பரீட்சை பயம்,” என்றார் சிஸ்டர்.

உனக்குப் பேச மூச்சில்லை. என்னையே பார்த்தாய். மெதுவாக வாயைத் திறந்து நாக்கை மேலே மடித்தாய். சிஸ்டர் திரும்பி நின்றிருந்தார். நான் பார்த்தேன். நீலம்.

குறிப்புத் தாள் என் கையில் இருந்தது. “நிறம் இயல்புன்னு எழுதிக்கோம்மா,” என்றார்.

எழுதினேன். கீழே கையெழுத்தும் போட்டேன். கொஞ்ச நேரத்தில் உன் இளைப்புச் சத்தம் நின்றது. காற்று போக வழியே இல்லாமல்தான் நின்றது என்று தெரியாமல், சரியாகிவிட்டது என்று எல்லோரும் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தோம். அரை மணி நேரத்தில் நீ இறந்துபோனாய்.